ஒரு சொட்டுத் தண்ணி நிக்காத கொல்லை

முத்து,

இந்தக் கடுதாசியக் கொண்டாந்து ஒன் கையில குடுத்திருக்கிறவள மொதல்ல ஒக்கார வையி. கப்பல்ல கெடந்து, நாகப்பட்டணத்துல எறங்கி, ரயிலு, மாட்டு வண்டின்னு மாறி மாறி வந்திருக்கிறா. சொம்புல தண்ணி குடு. அடுப்புல ஒலைய வையி. ஏன் வந்தே, யாரு ஒன்னய வரச் சொன்னான்னு ஆரம்பிச்சிராத. அவ ஒன் பொஞ்சாதி, ஒன்னயக் கேட்டுத்தான் ஒன் வாசப்படி மிதிக்கணும்னு இல்ல. அவ சாப்புட்டு முடிச்சப்பறம் வெளிச்சமா ஒரு எடம் பாத்து ஒக்காந்து இதைப் படி. நான் சொல்லச் சொல்ல எழுதினதும் அவதான். எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்துல படிச்ச கையி, எழுத்து நல்லாருக்கும். எடையில எங்கயாவது என் பேச்சு மரியாதையாத் தெரிஞ்சா அது என் வேலை இல்ல, அஞ்சலை வேலை. நான் ஒன்னயத் திட்டின திட்டுல பாதிய இவ எழுதவே மாட்டேன்னுட்டா.

ஒன் கடுதாசி போன மாசம் வந்துச்சு. கணக்கெழுதுற கிராணி ஆபீசுலேருந்து வாங்கியாந்து லயத்து வாசல்ல நின்னபடியே அஞ்சலை படிச்சா. நான் மம்பட்டியக் கழுவிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன். அப்பா பங்குக் கொல்லைய நல்லா சுத்தம் பண்ணிட்டேன், கல்லெல்லாம் பொறுக்கி வெளிய கொட்டிட்டேன், பழைய தட்டை, சருகு எல்லாத்தையும் கூட்டி எரிச்சிட்டேன், மேலேருந்து கீழ வரைக்கும் சரிவுல நேரா மூணு கான் வெட்டியிருக்கேன், எவ்வளவு மழை பேஞ்சாலும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்காதுன்னு எழுதியிருந்தே. காஞ்ச கொல்லையில போயி கானான்னு நான் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். இவளும் சிரிச்சா. அப்பறம் அடுத்த பக்கத்தைத் திருப்பினா. மழை ரெண்டு தடவை நல்லாவே பேஞ்சுச்சு, ஆனா கம்பு முழங்காலு ஒசரத்தைத் தாண்டல, கருகிப்போச்சு, பக்கத்துக் கொல்லையில கதிரு ஆடுது, நம்ம மண்ணு செத்த மண்ணு, தை பொறந்ததும் சித்தப்பாவுக்கே எழுதிக் குடுத்துட்டுக் கப்பலேறி வாரேன், பெரட்டு ஆள் கணக்குல என் பேர எடுக்காம வச்சிருக்கச் சொல்லி கங்காணிகிட்ட சொல்லுன்னு எழுதியிருந்தே. சிரிச்ச வாயால அழுதுட்டேன்டா. கழுவின மம்பட்டிய மறுபடியும் கழுவிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

விக்காத. அத மொதல்ல ஒடச்சுச் சொல்லிப்புடுறேன், மிச்சத்த நிதானமா சொல்லுறேன். அந்தக் கொல்லைய விக்காத. ஒன் சித்தப்பன் காயிதத்தைக் கொண்டாந்து முன்னால வச்சிருந்தா மடிச்சுக் குடுத்துரு. அது செத்த மண்ணு இல்ல. ஒங்கப்பாவோட அப்பா அதுல கம்பும் தொவரையும் எடுத்திருக்காரு, நானே அறுத்திருக்கேன். ஊர நெனச்சு ஏங்குற ஆளு நான் இல்லேன்னு ஒனக்குத் தெரியும். அங்க பசிச்சுத்தான் இங்க வந்தோம், இந்த ஊரு எனக்குச் சோறு போட்டுச்சு, ஈப்போ பாசார்ச் சந்தையில நான் பாத்த காயிகறிய அங்க கனவுல கூடப் பாத்ததில்ல. அதனால பாசத்துல பேசுறான்னு நெனைக்காத. மண்ணப் பாத்துப் பேசுறேன். வானம் ரெண்டு தடவை குடுத்துச்சு. நீ ரெண்டு தடவையும் வாங்காம வழியனுப்பி வச்சிட்டே. பக்கத்துக் கொல்லைக்காரன் வாங்கி வச்சுக்கிட்டான். நடந்தது இவ்வளவுதான்.

நீயே எழுதியிருக்கே, கான்னு சொன்னா இங்க யாருக்கும் வெளங்கலம்மான்னு. என்னடா மேலேருந்து கீழ வரைக்கும் பள்ளம் பறிச்சு வச்சிருக்கே, யாரைப் பொதைக்கப் போறேன்னு சித்தப்பன் கேட்டான்னும் எழுதியிருக்கே. ஏன் வெளங்கலேன்னு ஒரு நிமிசம் யோசிச்சியா? இங்க பொழுது விடிஞ்சா கான் வெட்டு, கான் தூர் வாரு, கொசு வராம கானுக்கு எண்ணெ ஊத்து. லயத்துப் பின்னால கான், ரோட்டோரம் கான், ரப்பரு பால் மரத்து வரிசைக்கு நடுவுல கான். அந்த வார்த்தை இல்லாம நமக்கு ஒரு நாளு ஓடாது. தண்ணிய வெளிய தள்ளுறதே இங்க பாதிப் பொழப்பு. நம்ம ஊருப் பக்கம் கொல்லையிலேருந்து தண்ணிய வெளிய தள்ளுற வேலையே கெடையாது. இல்லாத வேலைக்குப் பேரு எங்கேருந்து வரும்? அவுங்ககிட்ட கரைக்குப் பேரு இருக்கும், வரப்புக்குப் பேரு இருக்கும், தண்ணிய நிப்பாட்டுற அத்தனைக்கும் பேரு இருக்கும். அதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்க.

ஒன்னயக் குத்தம் சொல்லல. தேங்கின தண்ணியக் கண்டா நீ ஏன் வெரட்டுறேன்னு எனக்குத் தெரியாதா? ஒங்கப்பா வேலை செஞ்சது ஆத்தோரத்துச் சேத்துக்காட்டுல. மரத்து வேரெல்லாம் தண்ணியில ஊறி அழுகும், காலைல போன ஆளு சாயங்காலம் நடுங்கிக்கிட்டு வருவான். அவரும் அப்படித்தான் வந்தாரு. அந்தக் காச்சலு அவர விடல. பொதச்சிட்டு வந்தன்னிக்கு ஆஸ்பத்திரி டிரஸ்ஸரு ஒன் தோளு மேல கைய வச்சு, தேங்கின தண்ணியில கொசு வருதுடா தம்பி, அந்தக் கொசுதான் காச்சலக் கொண்டாருதுன்னு சொன்னாரு. மறுநா விடிஞ்சதும் ஒன்னயக் காணோம். தேடிக்கிட்டுப் போனா, லயத்துப் பின்னால ஒங்கப்பா மம்பட்டியத் தூக்க முடியாமத் தூக்கி கான் வெட்டிக்கிட்டு நிக்கிறே. ஒடம்பெல்லாம் சேறு. போதும் வாடான்னா வர மாட்டேங்குறே. ஒரு சொட்டு நிக்கக் கூடாதும்மான்னு அன்னிக்குச் சொன்னே. அதே வார்த்தையத்தான் இப்பக் கடுதாசியிலயும் எழுதியிருக்கே.

பெரியவனானதும் கான் கூட்டத்துக்கே நீ தலையாளு ஆனே. நீ வெட்டுன கானுல கயிறு போட்டுப் பாத்தாலும் கோணல் தெரியாதுன்னு காம்பார் ஊரு வரைக்கும் பேச்சு. அந்தச் சேத்துக்காடு காஞ்சு, காச்சலு கொறஞ்சு, இன்னிக்கு அந்த லயத்துல கொழந்தைங்க ஓடியாடுதுன்னா அதுல ஒன் கை இருக்கு. அந்தப் பெருமைய நான் ஒங்கிட்டேருந்து புடுங்கல. ஆனா அந்தக் கோவத்தைக் கப்பலேத்திக் கொண்டுபோயி ஒங்கப்பா கொல்லை மேல காட்டிட்டியேடா. அந்தக் கொல்லை அவர ஒண்ணும் செய்யல. கரை கட்டினா தண்ணி தேங்குமே, கொசு வருமேன்னு ஒனக்குள்ள ஒரு பயம் இருக்கும், அதையும் சொல்லிடுறேன். அது சேத்துக்காடு இல்ல. காஞ்ச செம்மண்ணு. நின்ன தண்ணிய ரெண்டு மூணு நாளுல குடிச்சிரும். கொசு முட்டை விட்டு அது பொரிச்சுப் பறக்குறதுக்குள்ள அங்க தண்ணியே இருக்காது. பயப்படாதே, நிக்க விடு.

சரிவுல நேரா வெட்டினா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாமப் போனதுக்குக் காரணம், நீ கடைசி வரைக்கும் பள்ளத்துலயே வேலை செஞ்சே. நான் மேட்டுல, மலைச்சரிவுல புல்லு வெட்டுற கூட்டத்துல இருந்தேன். பழைய துரைக்கு மலை மொட்டையா இருக்கணும். ஒரு லாலாங் புல்லு தெரிஞ்சாலும் கங்காணிக்குத் திட்டு, கங்காணிகிட்ட எங்களுக்குத் திட்டு. சருகு கூடக் கெடக்கக் கூடாது, வாசலு கூட்டுறாப்புல கூட்டணும். பாக்குறதுக்கு அழகாத்தான் இருந்துச்சு, நானே அந்த அழகைப் பாத்து இடுப்புல கைய வச்சு நின்னிருக்கேன். ஆனா மழை பேஞ்சா மலையிலேருந்து எறங்குற தண்ணி ரத்தமாட்டம் செவப்பா ஓடும். மண்ணு போயிக்கிட்டே இருந்துச்சு. கொஞ்ச வருசத்துல பால் மரத்து வேரெல்லாம் வெளிய வந்து, கோழிக் காலாட்டம் மண்ணப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஒரு நாளு காத்துக்கு வரிசையா சாஞ்சுச்சு. வருசம் பூரா மழை பேயிற இந்த ஊருலயே, ஒரு வாரம் வெயிலடிச்சா அந்த மொட்டை மலை எலை வாடி நிக்கும். பால் எறங்காது.

பழைய துரை போயி வேற துரை வந்தப்பறம் கதை மாறுச்சு. சரிவுக்குக் குறுக்கால வரிசை வரிசையா குழி வெட்டச் சொன்னாரு. மேலேருந்து வர்ற தண்ணி குழியில விழணும், விழுந்து அங்கேயே எறங்கணும். புல்லையும் ஒரேயடியா செதுக்க வேணாம், தரைய மூடுற கொடியப் போடுன்னாரு. நாங்க கேலி பண்ணினோம். இத்தனை வருசம் கூட்டச் சொன்னானுங்க, இப்பக் குப்பையா வையிங்குறானுங்க, இவனுங்களுக்கு என்ன பைத்தியமான்னு. கங்காணிக்கு வெக்கம் தாங்கல, பக்கத்து எஸ்டேட்டுக்காரன் பாத்தா என்ன நெனைப்பான்னு பொலம்பிக்கிட்டே இருந்தாரு. ரெண்டு மழை போச்சு. மலையிலேருந்து வர்ற தண்ணி கொறஞ்சுச்சு, வந்ததும் தெளிவா வந்துச்சு. வாடிக்கெடந்த மரம் தளிர் விட்டுச்சு.

இதையெல்லாம் நான் அஞ்சலைக்குச் சொல்லி எழுதச் சொன்னா, இவ பேனாவ வச்சிட்டாளே. பாக்காம நான் எழுத மாட்டேன் அத்தே, அவரு நம்பணும்னா நான் மொதல்ல நம்பணும்னுட்டா. நடுவுல நாலஞ்சு நாளு மழை இல்லாம நல்ல வெயிலு. என்னய இழுத்துக்கிட்டு மலைக்குப் போனா. ஒரு பக்கம் ரோட்டோரமா இன்னும் கூட்டி மொட்டையா வச்சிருக்கிற எடம், ஒரு பக்கம் கொடியும் சருகும் மூடின எடம். மொட்டைத் தரையில வெரலக் குத்தினா நகம் ஒடையுது, உள்ள போகல. சருகத் தள்ளிட்டு இந்தப் பக்கம் குத்தினா, வெரலு முழுசும் எறங்கி மணிக்கட்டு வரைக்கும் கை போச்சு. கைய வெளிய எடுத்து மோந்து பாத்தா. அதே மலை, அதே மழை அத்தேன்னா. அந்த ஈர மண்ணு ஒட்டின கையோட வந்துதான் இந்தப் பக்கத்த எழுத ஆரம்பிச்சா. ஓரத்துல செவப்பா ஒரு கறை இருக்கும் பாரு, அழுக்குன்னு நெனைக்காத.

இப்ப வேலைக்கு வாரேன். மொதல்ல அந்த மூணு கானையும் மூடு. ஒரேயடியா தூத்துப் போடுறதுக்கு முன்னால, அங்கங்க குறுக்கால கல்லு வச்சு அடைச்சு மண்ணு போடு. நீ பொறுக்கி வெளிய கொட்டினியே கல்லு, அது ஒண்ணையும் விடாமத் திரும்ப உள்ள கொண்டா. கரைக்கு அடியில அது வேணும். செம்மண்ணுக் கொல்லையில கல்லு எதிரி இல்ல, அதுக்குக் கீழ கைய விட்டுப் பாரு, குளுந்து இருக்கும். அப்பறம் சரிவுக்குக் குறுக்கால கரை போடணும். குறுக்கன்னா கண்ணால பாத்துப் போடாத, கண்ணு ஏமாத்தும். எங்க மலையில மட்டம் புடிச்ச மாதிரி செய்யி. ரெண்டு கம்ப உச்சியில சேத்துக் கட்டி, கவட்டக் கால அகட்டி வச்சு, நடுவுல குறுக்க ஒரு கம்பு கட்டு. உச்சியிலேருந்து ஒரு கயித்துல கல்லத் தொங்க விடு. கயிறு குறுக்குக் கம்புல எங்க படுதோ அங்க ஒரு கோடு கிழி. அப்பறம் ரெண்டு காலையும் எடம் மாத்தி வச்சு இன்னொரு கோடு கிழி. ரெண்டுக்கும் நடுவுலதான் மட்டம். கயிறு அந்த நடுக்கோட்டுல நிக்கிறாப்புல கொல்லையில ஒவ்வொரு காலா வச்சு நடந்து போனா, கரை போற வழிய அதுவே காட்டும். அது நேரா போகாது முத்து. வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். நூலு புடிச்ச கையிக்கு அது கோணலாத் தெரியும், கை துடிக்கும். அந்தக் கோணலத் திருத்தாத.

அந்த எடத்துல எனக்கும் இவளுக்கும் சண்டை. எல்லாத்தையும் அடைச்சிட்டா, பெருமழை வந்து கரையே ஒடைஞ்சு மொத்தமும் போயிராதான்னு கேட்டா. ஒடையாதுடி, நல்லா மிதிச்சுக் கட்டினா எதுக்கு ஒடையுதுன்னேன். போன வருசம் நம்ம மலையில மேல் வரிசைக் குழி நெறஞ்சு பொத்துக்கிட்டு, கீழ் வரிசை அத்தனையும் போச்சே, மறந்துட்டீங்களான்னா. ஆமா, போச்சுதான். அதனால இவ சொல்லுறதக் கேளு. ஒவ்வொரு கரைக்கும் ஒரு ஓரத்துல, கரைய விடக் கொஞ்சம் தாழ்வா, கல்லு பாவி ஒரு வழி விடு. கொல்லை குடிச்சு, வயிறு நெறஞ்சு, அப்பறம் மீந்தது மட்டும் அந்த வழியா மெதுவா போகட்டும். இத நான் சொன்னதா எழுதாதடி, நீ சொன்னதாவே எழுதுன்னு சொன்னேன். எழுதியாச்சு அத்தேங்குறா, மொகத்துல ஒரே சந்தோசம்.

சித்திரையில ரெண்டு தூத்தல் விழும். அன்னிக்கே ஏரப் பூட்டிக் குறுக்கால உழுது போடு, விதைக்க இல்ல, தரையத் தொறந்து வைக்க. இறுகின தரையில விழுற மழை தோலு மேல விழுறாப்புல வழிஞ்சு ஓடிரும். சாணியும் குப்பையும் எவ்வளவு கெடைக்குதோ அவ்வளவு போடு. ஆடியில விதைக்கும்போதும் குறுக்காலதான். கம்புக்கு நடுவுல தட்டப்பயறு போடு, அது படந்து தரைய மூடிக்கும். நெருக்கமா மொளச்சா மனசக் கல்லாக்கிக்கிட்டுக் கலைச்சு விடு. இருக்கிற ஈரத்துக்கு எத்தனை வாயின்னு கணக்கு வேணும். களை எடுக்கணும், அதுல சோம்பப்படாத, ஆனா எடுத்தத வரப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிக் கொட்டாத. வேரு மேல பாக்க வரிசைக்கு நடுவுலயே பரப்பு. மழை விட்டு மேல் மண்ணு பொருக்குத் தட்டினதும் லேசா கொத்தி விடு. பொருக்கோட விட்டா வெடிப்பு விடும், வெடிப்பு வழியா உள்ள இருக்கிற ஈரம் அம்புட்டும் போயிரும். மேல புழுதியா இருக்கட்டும், அதுதான் போர்வை. அறுத்தப்பறம் தட்டைய எரிச்சே, நான் அங்க வந்து ஒன்னய மொத்துவேன். எரிக்கிற சுத்தம் நமக்கு வேணாம். இந்த எஸ்டேட்டுல வாசலும் கொல்லையும் ஒண்ணுன்னு நம்மளப் பழக்கி வச்சிட்டாங்க. வாசலக் கூட்டு. கொல்லையக் கூட்டாத.

மலையில போட்ட கொடி வெதைய அஞ்சலை முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தா, அங்க கொண்டுபோயிப் போடலாம்னு. நான் அவுத்து எடுத்துட்டேன். இங்க செஞ்சத அங்க அப்படியே செய்யிறதுதான் ஒன் புருசன் பண்ணின வேலை, நீயும் அதையே பண்ணப் போறியான்னு கேட்டேன். அந்தக் கொடிக்குத் தெனமும் மழை வேணும். அங்க போட்டா கம்புக்கு இருக்கிற தண்ணியையும் சேத்துக் குடிச்சிரும். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. இன்னும் ஒரு முடிச்சு வேற எங்கயோ வச்சிருக்கான்னு எனக்குச் சந்தேகம். இருந்தா, கெணத்தடியில ஒரு மூலையில போட்டுப் பாக்கட்டும், ஆசை தீரட்டும்.

ஒன் சித்தப்பன் கெட்டவன் இல்ல. நெலத்துக்குப் பசிச்சவன். நீ கருக விட்டுட்டு ஓடப் போறேன்னு தெரிஞ்சா கேக்கத்தான் செய்வான், அவன் எடத்துல நான் இருந்தாலும் கேப்பேன். அவன்கிட்டயே போயி, சித்தப்பா, நான் தப்பா வெட்டிட்டேன், கரை போடணும், மாடு குடுங்க, நானும் ஒங்க கொல்லைக்கு வந்து வேலை செஞ்சு குடுக்குறேன்னு கேளு. சிரிப்பான். கப்பல்ல வந்தவனெல்லாம் அவுங்களுக்குப் பினாங்குக்காரன்தான், ஊரே பினாங்குக்காரன் பள்ளம் பறிச்சான், இப்பப் பள்ளத்த மூடுறான்னு சிரிக்கும். சிரிக்கட்டும்டா. இங்க துரை வெரல நீட்டித் திட்டினப்பவே பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னவங்க நாம, சொந்தக்காரன் சிரிப்புக்கா ஓடிருவோம்? ரப்பரு வெல விழுந்தப்போ என்ன நடந்துச்சுன்னு மறந்துராத. நேத்து வரைக்கும் பால் எடுத்தவங்கள இன்னிக்கு வேலை இல்ல, ரூமக் காலி பண்ணுன்னாங்க. மூட்டையோட ரோட்டுல நின்ன சனத்தை நீயும்தானே பாத்தே. நாம ஒழைச்சு ஒழைச்சு வளத்த மரத்துல ஒண்ணு கூட நம்முது இல்ல. படுக்கிற ஆத்தாப்பு ஓலைக் கூரை நம்முது இல்ல. ஒன்னய எந்திரிச்சுப் போடான்னு யாரும் சொல்ல முடியாத தரை இந்த ஒலகத்துல அந்த ஒரு கொல்லைதான். அது போச்சுன்னா ஒனக்குப் பொறக்கப் போற பிள்ளையும் விடியக்காலம் பெரட்டுல வரிசையா நின்னு பேருக்குப் பதில் சொல்லணும். அதுக்கா ஒங்கப்பா சேத்துல நின்னாரு?

அஞ்சலை வர்றத நான் முடிவு பண்ணல. இந்தக் கடுதாசியத் தபால்ல போடலாம்னுதான் இருந்தேன். காயிதம் சொன்னா கேக்குற ஆளா அத்தே அவரு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு மடிச்சு வச்சிட்டு சித்தப்பா காயிதத்துல கையெழுத்தப் போட்டுருவாரு, நான் போறேன், எனக்கும் மம்பட்டி புடிக்கத் தெரியும்னா. பக்கத்து லயத்து ரங்கம்மா குடும்பம் ஊருக்குத் திரும்புது, அவுங்களோட அனுப்பி வைக்கிறேன். ஈப்போ டேசன் வரைக்கும் நானும் போவேன். இவ என் பக்கத்துல இருந்த வரைக்கும் நீ போன கொறை பாதிதான் தெரிஞ்சுச்சு. இப்ப முழுசாத் தெரியும். அத மறைக்க மாட்டேன், கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இவள இங்க வச்சுக்கிட்டா நீ இவளத் தேடித் திரும்பி வந்துருவே. அதான் அனுப்புறேன். இவ பேச்சக் கேளு. ரெண்டு பேரும் சண்டை போட்டா கொல்லையில போடுங்க, வேலையும் ஆகும்.

பெரட்டுல ஒன் பேர வச்சிருக்கச் சொன்னியே, அதச் சொல்லுறேன். கங்காணிகிட்ட போனேன். ஒன் பேரு இன்னும் இருக்கு, மவன் வந்தா நேரா வேலைக்கு எறங்கலாம், நான் பாத்துக்கிறேன்லான்னு அவரே சொன்னாரு. நல்ல மனுசன். அண்ணே, எடுத்துருங்க, அந்த எடத்துக்கு வேற ஆளப் போடுங்கன்னு சொல்லிட்டேன். நெசமாவான்னு ரெண்டு தடவை கேட்டாரு. நெசமாத்தான்னேன். என் கண்ணு முன்னாலயே ஒன் பேர அடிக்கச் சொல்லி, நின்னு பாத்துட்டு வந்தேன். ஒன் பாயி கெடந்த எடத்துல புதுசா வந்த ஒரு புருசன் பொஞ்சாதிய ஒண்டிக்கச் சொல்லியிருக்கேன். அந்தப் பொண்ணு என்னய ஆத்தான்னு கூப்புடுது. அதனால நான் ஒண்டியா கெடக்குறேன்னு சாக்குச் சொல்லிக்கிட்டுக் கெளம்பாத. இந்த ஊரு ஒனக்கு வெட்டி வச்சிருந்த கானு இது ஒண்ணுதான், எப்ப வேணும்னாலும் ஓடி வந்துரலாம்னு. அத நான் அடைச்சிட்டேன். இனி நீ அங்கதான் நிக்கணும், நின்னு எறங்கணும்.

எனக்குப் பதில் எழுதும்போது சொகமா இருக்கேன், நீங்க சொகமான்னு எழுதி ஒரு காயிதத்தை வீணாக்காத. சொகம்னு எழுதுறவனெல்லாம் சொகமா இருக்கிறதில்ல. மொத மழை பேஞ்ச மறுநா காலைல, சாப்புடுறதுக்கு முன்னால கொல்லைக்குப் போ. அஞ்சலையையும் கூட்டிக்கிட்டுப் போ. ரெண்டு கரைக்கு நடுவுல ஒக்காந்து, மண்ணுல கைய விட்டுப் பாரு. ஈரம் எதுவரைக்கும் இருக்குன்னு மட்டும் எனக்கு எழுது. வெரலு வரைக்கும்னா, இன்னும் வேலை இருக்குன்னு நெனச்சுக்குவேன். மணிக்கட்டு வரைக்கும்னா, அன்னிக்கு நிம்மதியாச் சோறு திம்பேன். முழங்கை வரைக்கும்னு எழுதுற அன்னிக்கு, என் மவன் ஊரு போயிச் சேந்துட்டான்னு நான் எடுத்துக்கிறேன்.

ஒன் அம்மா